கன்னியம்மா போட்ட டீ

போன வாரம் ஒரு நாள் காலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தேன். பரமசிவம் சார் வாசலில் வந்து நின்றார். எங்கள் காலனி நலச் சங்கத்தின் தலைவர் அவர். எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "என்ன சார்?" என்று கேட்டேன். "கன்னியம்மா போயிட்டாங்கம்மா. விடியகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோவுல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. நான் அசையவில்லை. அவர்தான் உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி வேளச்சேரி பஸ்ஸுக்கு நடக்கிறவர்களுக்கு அவள் கடை தெரிந்திருக்கும். கலர் மீன் கடை. கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கன்னியம்மா, வாய் நிறைய வெற்றிலை, ஈரம் காயாத முந்தானை. கோவளம் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். மீன் தொட்டி ஒட்டுகிற முனுசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு தாம்பரத்துக்கு வந்தாள். "எங்க ஆத்தா மீனைக் கூடையில வெச்சி வித்துது. நான் தண்ணியில வெச்சி விக்கிறேன். அது வித்தது செத்துது, நான் விக்கிறது உசுரோட கீது. அவ்ளோதான் வித்தியாசம்" என்பாள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. தன் கடை மீன் மாதிரி மெட்ராஸிலேயே கிடையாது என்று, மெட்ராஸில் வேறு எந்த மீன் கடையையும் எட்டிப் பார்க்காமலே சொல்லுவாள்.

நாங்கள் போனபோது கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே காற்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. சாவு விழுந்தால் கடையை அடைக்க வேண்டும். அதற்காக மீனுக்குக் காற்றை நிறுத்த முடியுமா? வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்த முனுசாமி நடுவில் எழுந்து போனார், ஷட்டரில் காதை வைத்துக் கேட்டார், எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி அழுதார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சங்கத்தின் செய்தி மடலுக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி பரமசிவம் சார் கேட்டார். கணக்குத் தணிக்கை ஆபீஸில் வேலை செய்கிறவள் நான். பிறர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். பிழைப்புக்காகக் கற்றது சுபாவமாகவும் ஆகிவிட்டது என்பது இந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "அவள் என்று எழுதாதீங்கம்மா, அவர்னு எழுதுங்க, மரியாதையா இருக்கும்" என்றார் சார். எழுதிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இறந்துபோன மாதிரி இருந்தது. அதனால் அவள் அவளாகவே இருக்கட்டும்.

இப்போது நம் பூங்காவில் மாலையில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் பிறகு குடிவந்தவர்கள். அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். எண்பதுகளில் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வயலை மனையாக்கி விற்றபோது, வரைபடத்தில் பச்சை அடித்து "பூங்கா" என்று காட்டினார்கள். நிஜத்தில் அது ஒரு பள்ளம். வீடு கட்டியவர்கள் எல்லோரும் உடைந்த செங்கல்லையும் கல் குவாரித் தூளையும் அதில் கொட்டினோம். ஆனாலும் மழை பெய்தால் எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் போய் வடியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட அனுமதி வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர் ஒருவர் பேரூராட்சியில் கேட்டார். மண்டபம் வந்தால் தெருவுக்கு வடிகால் போச்சு. இருப்பதிலேயே பள்ளத்தில் இருப்பது என் வீடு. பிறகு ஐப்பசி வந்தால் கட்டிலில் உட்கார்ந்துதான் சமைக்க வேண்டும்.

சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நானும் தலைவர் என்ற முறையில் பரமசிவம் சாரும் போய்ப் பேரூராட்சி அதிகாரியைப் பார்த்தோம். அவர் நல்ல மனிதர்தான். "பூங்கான்னு சொல்றீங்க, அங்க ஒரு புல்லாவது இருக்கா?" என்று கேட்டார். ஆடியில் செடி வைக்கிறோம் என்றோம். "சரி, தை மாசம் வந்து பார்ப்பேன். செடி நின்னா பூங்கா. இல்லேன்னா என்னை யாரும் குத்தம் சொல்லக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஆக, குவாரித் தூளில் செடி நிற்க வேண்டும். என் வீடு மிதப்பதும் மிதக்காததும் அதில் இருந்தது.

புங்கனும் வேம்பும் பூவரசுமாக வைத்தோம். உடனே வாடின. பரமசிவம் சார் யூரியாவை அள்ளிப் போட்டார். வாடியவை கருகின. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீஸ் நூலகத்துக்கு வந்த ஒரு விவசாயப் பத்திரிகையில், மக்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தச் சாற்றை ஊற்றினால் செத்த மண்ணுக்கும் உயிர் வரும் என்று படித்தேன். எங்கள் வீட்டுக் குப்பைக் குழியில் மக்கிய உரம் நிறைய இருந்தது. ஒரு பெரிய பக்கெட்டில் போட்டு, வெல்லம் கரைத்து ஊற்றி, மூடி வைத்தேன். இரண்டொரு நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நானோ படித்தவள், பத்திரிகையில் போட்டது தப்பாக இருக்குமா என்று தினமும் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படிக் கலக்கிவிட்டு ஆபீஸ் போய்த் திரும்பிய ஒரு மாலை, தாம்பரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் மீன் கடை. ஸ்டூலில் இருந்தவள் மூக்கைச் சுளித்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. உன் கையில இன்னா நாத்தம் அது?"

காலையில் சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மழை விடவில்லை, நிற்கத்தான் வேண்டும். பக்கெட் கதையைச் சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தாள்.

"அது செத்த தண்ணி நாத்தம்கா. மோட்டரு நின்னுபோன தொட்டியில இதே நாத்தம்தான் வரும். நீ உள்ள கோடி உசுரைப் போட்டு, வெல்லத்தையும் குடுத்து, மூடி போட்டு மூடிகினு கீறே. அதுங்க தின்னுட்டு மூச்சு வுட வேணாமா?"

பத்திரிகையில் இது இல்லை. அல்லது இருந்து நான் கவனிக்காமல் விட்டேனோ என்னவோ. உரச் சாற்றுக்குக் காற்று கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "போட்டுப் பாத்துடலாம்கா, இன்னா போச்சு?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முனுசாமியின் சைக்கிள் கேரியரில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

பக்கெட் போதாது என்று ஒரு டிரம்மை நாங்கள் அமைத்த கதை சின்னதல்ல. பழைய நீல டிரம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கிவந்ததற்குக் கன்னியம்மாவிடம் திட்டு வாங்கினோம். மாங்காய் ஊறுகாய்தான் இருந்தது என்று தெரிந்த பிறகே அவள் தொட்டாள். முதலில் மீன் தொட்டியில் குமிழி விடப் போடுகிற காற்றுக் கல்லைப் போட்டாள். உரச் சாற்றின் வழவழப்பில் அது அடைத்துக்கொண்டது. பிறகு பிளாஸ்டிக் குழாயை வளையமாக வளைத்து, சாக்கு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அதில் வரிசையாக ஓட்டை போட்டு, அடியில் கல் கட்டி இறக்கினாள். நடுவில் மட்டும் கொப்பளித்தால் போதாது, மூலை முடுக்கெல்லாம் கொப்பளிக்க வேண்டும் என்பதற்காக வளையம். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பலகை அடித்து வைத்தாள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாக மோட்டாருக்குள் ஏறிவிடுமாம். உரத்தைக் கட்டித் தொங்கவிடப் பரமசிவம் சாரின் பழைய வேட்டி. தண்ணீரை முதல் நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் வாசனை போகும்வரை. வெல்லம் ஒரு பிடி, அதற்கு மேல் கூடாது. எல்லாம் மீன் வளர்த்த அனுபவத்தில் பாதி, குத்துமதிப்பில் பாதி.

மறுநாள் டிரம்மின் மேல் காபி நுரை மாதிரி நின்றது. கன்னியம்மா கையை விட்டு எடுத்து முகர்ந்தாள். என் மூக்குக்கு நேராக நீட்டினாள். முதல் மழை விழுந்த மண் வாசனை. அவள் அந்தக் கையைக் கூடியிருந்த ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுபோனாள். பரமசிவம் சார் ஒரு அடி பின்வாங்கியபோது ஒரு அடி முன்னால் போனாள். "மோந்து பாரு சார், கடிக்காது! டீ ஸோக்கா எறங்கிகீது." நாங்கள் அதற்குக் கஷாயம் என்று பெயர் வைத்திருந்தோம். அவளுக்குக் கடைசிவரை அது டீதான்.

பரமசிவம் சாருக்கு அவளிடம் அப்போது அவ்வளவாக ஒட்டவில்லை. அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். விதிமுறைப்படி வீட்டுச் சொந்தக்காரர்கள்தான் சங்கத்தில் உறுப்பினர். காலனியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கே இடம் கிடையாது, தாம்பரத்தில் கடை வைத்திருப்பவள் நம் டிரம்மை ஆட்சி செய்வது என்ன நியாயம் என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் கரண்ட் போகிற நேரங்களில் அவர்தான் முதலில் ஓடி வருவார். மோட்டார் நின்றால் டிரம்மிலிருந்து சொம்பில் மொண்டு, உயரத் தூக்கி ஊற்ற வேண்டும், டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி. அதுதான் கன்னியம்மா சொன்ன மாற்று ஏற்பாடு. தெருவே முறை வைத்து ஆற்றியது. பனியனோடு நின்று அவர் ஆற்றுகிற அழகைப் பார்த்து, "சார், நீ ஆபீசரா போனது தப்பு. நாஸ்டா கடை வெச்சிருந்தா எங்கியோ போயிருப்ப" என்று கன்னியம்மா சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

புரட்டாசிக்குள் செடிகள் துளிர்த்தன. கஷாயத்தால் துளிர்த்தனவா, கஷாயத்தை ஊற்றும் சாக்கில் நாங்கள் ஒழுங்காகத் தண்ணீர் விட்டதால் துளிர்த்தனவா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. கன்னியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "துளுத்துச்சா? அப்புறம் இன்னாக்கா கேள்வி" என்று முடித்துவிட்டாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கொலுவுக்காக நான் காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கன்னியம்மா அவள் அம்மா வீட்டுக்குக் கோவளம் போயிருந்தாள். டிரம்மில் புதிதாகப் போட்ட கஷாயம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மீன் கடையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மோட்டாருக்கே பொட்டு வைப்பார்கள், நிறுத்த மாட்டார்கள். இது கடைக்காரர்களுக்குத் தெரியும். காலனிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? நமக்கு ஆயுத பூஜை என்றால் தையல் மிஷினும் சைக்கிளும் அன்று ஓயத்தான் வேண்டும். நமக்காக இரவும் பகலும் உழைக்கிற மோட்டாருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் பாவம் இல்லையா?

பரமசிவம் சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பிளக்கைப் பிடுங்கினார். மோட்டாரைத் துடைத்து மாலை போட்டார். டிரம்முக்கு மூன்று பட்டை விபூதி பூசினார். குழாய் வளையத்தையும் வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து, பக்தியாக, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். பூசணிக்காய் உடைத்து, சுண்டல் கொடுத்து, தெருவே கும்பிட்டுவிட்டுப் போனது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வளையத்தை இறக்கி மோட்டாரைப் போட்டார்கள். மோட்டார் உறுமியது, சந்தனம் காய்ந்து இறுகியதில் ஒரு குமிழி வரவில்லை. டிரம் சாக்கடையாக நாறியது. காற்றில்லாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் வேறென்ன ஆகும்? ஓய்வெடுத்த கஷாயத்துக்கு வீரியம் கூடியிருக்கிறது என்று சார் முடிவு செய்தார். நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று, அந்த நாற்றத்தை அப்படியே எல்லாச் செடிக்கும் ஊற்றினார்கள்.

நான் ஊரிலிருந்து திரும்பியபோது இலைகள் தொங்கியிருந்தன. நாற்றம் மெயின் ரோடு வரை போயிருந்தது. மண்டபப் பிரமுகரின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சுகாதாரக் கேடு என்று புகார் போய், அதிகாரியே நேரில் வந்துவிட்டார். அவர் வந்த நேரம் கன்னியம்மாவும் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள். வந்தவள் யாரிடமும் பேசவில்லை. டிரம்முக்குள் கையை விட்டாள், முகர்ந்தாள், வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டைக்கு ஓட்டை பொட்டு. அவள் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "தை வரைக்கும் டைம் குடுத்தேன். இது என்ன பூங்காவா, கக்கூஸா? யாருங்க இதைப் பண்ணது?"

தெருவே கூடியிருந்தது. பரமசிவம் சாரின் கழுத்து வேர்த்து வழிந்தது. அவர் பொறுப்பில் நடந்தது என்று தெரிந்தால் சங்கத்தை நம்பி இடத்தை விட முடியாது என்று அதிகாரி சொல்லிவிடுவார். போகட்டும், வாழ்நாளெல்லாம் இன்ஜினியராக இருந்தவர் ஓட்டைக்குச் சந்தனம் வைத்து அடைத்தார் என்பதைப் பிரமுகரின் ஆட்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கோ அந்த நேரத்தில் அவர் மேல் அப்படி ஒரு கோபம். என் வீடு மூழ்கப்போகிறது இந்த மனுஷனின் பக்தியால்! என் தொழில் புத்தி என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் கன்னியம்மா சொன்னாள். "என் மோட்டரு சார் அது. பயசு. நின்னு பூட்சி. நான்தான் ஊருக்குப் பூட்டேன், பாக்கல. இவங்க மேல ஒண்ணும் இல்ல."

"நீ யாரும்மா?"

"மீனு கடை சார். கிழக்குத் தாம்பரம். இவங்க ஆளுதான். வேற மோட்டரு இன்னைக்கே வெச்சிடறேன், நாத்தம் பூடும். நீ சொன்ன மாரி தை மாசம் வா சார், பாரு. அதுக்கு முன்னாடி வந்து பேஜார் பண்ணாத."

அவள் பேசிய தோரணையில் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தை மாசம்தான், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஜீப் தெரு முனை திரும்பியதும் அவளைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன? செஞ்சது யாருன்னு உனக்குத் தெரியாதா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை, நிஜமாகவே என் கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

"யாரு பண்ணதுன்னு கண்டுபுடிச்சா செடி பொயச்சிக்குமாக்கா? வா, தண்ணி ஊத்தலாம்."

ஊற்றினோம். நாறிய மண்ணைச் செடிக்குச் செடி கிளறி, குடம் குடமாக நல்ல தண்ணீர் விட்டு அலசினோம். பரமசிவம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் விட அதிகமாகச் சுமந்தார். கன்னியம்மா சாக்கு ஊசியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்தார். அதிகாரியிடம் சொன்னபடியே அன்று மாலை கடையிலிருந்து நல்ல மோட்டார் ஒன்று வந்தது. அது எந்தத் தொட்டியில் ஓடிய மோட்டார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தத் தொட்டி மீன்களை வேறு தொட்டியில் நெருக்கி விட்டிருந்தாள் என்பதைப் பிறகு முனுசாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். டிரம்மைத் தேய்த்துக் கழுவி, புதிதாகப் போட்டோம். ஐப்பசி மழையும் எங்களைக் கைவிடவில்லை. அந்த வருஷமும் தண்ணீர் அந்த இடத்தில் வடிந்தது, என் வீட்டு வாசற்படியோடு நின்றது.

தை மாதம் அதிகாரி வந்தார். எல்லாச் செடியும் பிழைத்தது என்று சொன்னால் பொய். பூவரசு பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் புங்கன் நின்றது, வேம்பு நின்றது. நடுவில் யாரும் நடாத கீரை தானாக முளைத்துத் தரையை மூடியிருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். மண் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மண்புழு ஒன்று நெளிந்தது. "சரி" என்றார். அந்த ஒற்றை வார்த்தைக்காக அத்தனை மாதம் காத்திருந்தோம். கன்னியம்மா அன்று கடையில் வேலை என்று வரவில்லை. நான் ஓடிப்போய்ச் சொன்னபோது, "நின்னுச்சா? எனுக்குத் தெரியும்" என்றாள். தெரிந்திருக்க வழியே இல்லை. அவள் பேச்சு அப்படித்தான்.

அந்த வருஷப் பொதுக்குழுவில் பரமசிவம் சார் எழுந்து நின்றார். சங்கத்து விதியைத் திருத்த வேண்டும், இங்கே வாடகைக்கு இருப்பவர்களும் இந்த இடத்துக்காக உழைப்பவர்களும் உறுப்பினர் ஆகலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காரணம் கேட்டார்கள். "ஆயுத பூஜை அன்னிக்கு மோட்டாரை நிறுத்தினது நான். இந்தச் சங்கத்தைக் காப்பாத்தினது உறுப்பினரா இல்லாத ஒரு அம்மா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். யாரும் கேட்காமல், அவராகவே. பின்வரிசையில் கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு டிரம்மைப் பார்க்க வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். பெருங்களத்தூரிலிருந்து ஒரு காலனிக்காரர்கள் வந்தார்கள். அனகாபுத்தூரில் தறி போடுகிற சிலர் ஆற்றோரத்தில் முருங்கை வைத்திருந்தார்கள். தோல் பதனிட்ட காலத்து மண், ஒன்றும் விளங்கவில்லை என்று கேட்டு வந்தார்கள். கன்னியம்மா மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் டிரம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். போகிற இடத்திலெல்லாம் முதலில் சொல்வது, "ஆயுத பூசைக்குப் பொட்டு வையி, பிளக்கைப் புடுங்காத." யார் புடுங்கினார்கள் என்று கேட்டால், "எங்கியோ ஒரு ஊர்ல" என்பாள். சார் அத்தனை பேர் முன்னால் தானே சொல்லியாகிவிட்டது. இவள் அப்போதும் சொல்லவில்லை.

அவள் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். டிரம் பொதுச் சொத்து. போட்டோ எடுத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பூங்காவுக்கு அவள் பெயர் வைக்கலாம் என்கிறார்கள், வைக்கட்டும், அவளுக்குப் பிடிக்கும். இன்னும் பெரிய போர்டாகப் போடக் கூடாதா என்றுகூடக் கேட்டிருப்பாள். என்னிடம் இருப்பது வேறு.

முந்தாநாள் மாலை அவளுக்காகப் பூங்காவில் கூடினோம். கலைந்து போகும்போது பார்த்தால், புதிதாக நட்ட மகிழங்கன்று ஒன்று வண்டி ஏறி முறிந்து கிடந்தது. "யாரு வண்டிய இங்க விட்டது?" என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. எனக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்த ஒருவர் ஸ்கூட்டரைப் பின்னுக்குத் தள்ளியதை நான் கண்ணால் பார்த்தேன். இந்தக் காலனியில் இப்படி எதையும் என்னிடம்தான் கேட்பார்கள்; எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஆள் தரையைப் பார்த்தார்.

பழி என்மேல் என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவரும் அளவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது அந்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருமாக வேறு கன்றுக்குக் குழி தோண்டினோம். பாதி வந்திருக்கிறது, கன்னியம்மா. மீதியும் வந்துவிடும்.